அடுப்படிக்கு வந்த கீபோர்டு

கோபம் வந்தால் சம்பூர்ணத்துக்கு டைப் வேகம் கூடும். பிழை மட்டும் விழாது.

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் கோர்ட்டுக்கு எதிரே, ஒரு நோட்டரி வக்கீலின் தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து அடித்தவள். வலப்பக்கம் தமிழ் மெஷின், இடப்பக்கம் இங்கிலீஷ் மெஷின். பாகப்பத்திரம், விடுதலைப் பத்திரம், அஃபிடவிட். எதிர்க்கட்சி வக்கீலின் குமாஸ்தா வந்து வம்புக்கு நின்றால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். மெஷின் போடுகிற சத்தத்திலேயே குமாஸ்தா நகர்ந்துவிடுவான்.

அந்தத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் மாதம் விரல்களுக்கு மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துவிடுவார்கள். கட்டைகளைப் பார்க்கக்கூடாது, தாளையும் பார்க்கக்கூடாது. கண் இருக்க வேண்டியது பக்கத்தில் நிறுத்தியிருக்கும் மூலப்பிரதியில். தமிழ் மெஷினில் கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. புள்ளியை முதலில் தட்ட வேண்டும். அதைத் தட்டினால் உருளை நகராமல் நிற்கும். அடுத்து எழுத்தைத் தட்டினால் அது புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். எழுத்து வருமுன்பே அதன் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப் பழகிய கைக்குக் கண் தேவையில்லை. சம்பூர்ணத்தை இருட்டறையில் உட்கார வைத்தாலும் ஒரு பக்கம் பிழையில்லாமல் வரும்.

சுரங்கம் மூடிய வருஷம் குடும்பம் தங்கவயலை விட்டு பெங்களூருக்கு வந்தது. நீலசந்திராவில் முதல் மாடியில் ஒரு வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. கீழே ஆட்டோக்கள் நிற்கும். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மகள் சங்கமித்ராவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி முக்கில் வந்து நிற்கும். அவள் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரில்தான் ஆதிகேசவன் எழுத்தாளர் ஆனார்.

ஆதிகேசவன் சம்பூர்ணத்தின் புருஷன். சுரங்கத்தில் சர்வே ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகப் பேசுவார். கையெழுத்து மட்டும் அவருக்கே புரியாது. டைப்போ சுத்தமாகத் தெரியாது. ஆகவே தினமும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அவர் சொல்லுவார், சம்பூர்ணம் அடிப்பாள். தங்கவயல் வாழ்க்கையைப் பற்றி முதல் புத்தகம் அப்படித்தான் வந்தது. வேலூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். குழாயடியில் இரவே வரிசையில் வைத்த குடங்களுக்குள் பெண்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டு அடையாளம் வைப்பார்கள் என்ற இடத்தை நாலு தடவை படித்தாராம். ஆதிகேசவன் அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அவர் சொன்னது 'குழாயடியில் குடங்கள் வரிசையாக இருந்தன' என்பது மட்டும். வாக்கியத்தில் கல்லைப் போட்டது சம்பூர்ணம். அவர் அதைக் கவனிக்கவில்லை. தானே சொன்னதாகத்தான் இன்றுவரை நம்புகிறார்.

இரண்டாவது புத்தகம் பாதி நடக்கும்போது அவள் கை மரத்துப் போக ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு நடுவிரல்வரை. டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் சேர்ந்து வாய்க்கால் மாதிரி நிற்கின்றன. மேலே ஒரு பட்டை மூடியிருக்கிறது. அந்தச் சந்துக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. கையை மேல்பக்கம் மடக்கிக்கொண்டு வேலை செய்தால் சந்து குறுகும், நரம்பு நசுங்கும்.

"எந்த மேசையில வெச்சு அடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அது மேசையே அல்ல. டி.வி. வைக்கச் செய்த ஷோகேஸ். அதில் கம்ப்யூட்டர் ஏறியபோது கீபோர்டும் கூடவே ஏறியது. சம்பூர்ணத்தின் நெஞ்சு உயரம். மூன்று வருஷமாகத் தோளைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி, கோவிலில் கும்பிடுகிறவள் மாதிரி அடித்துக்கொண்டிருந்தாள்.

"கீபோர்டு மடியில இருக்கணும். முழங்கை தொங்கணும். மணிக்கட்டு நேரா இருக்கணும்" என்றார் டாக்டர். ஷோகேஸிலிருந்து மடிக்கு வயர் எட்டாது. அதனால்தான் கம்பியில்லாத கீபோர்டு என்ற பேச்சே வந்தது.

ஒரு சனிக்கிழமை சங்கமித்ரா அம்மாவை எஸ்.பி. ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்த ரோடு முழுக்க வயரும் போர்டும்தான். நடக்கிறவன் காலில் ஏதாவது ஒரு கேபிள் சுற்றாமல் வெளியே வரமுடியாது.

"ஏனு பேக்கம்மா?" என்று கன்னடத்தில் கேட்டான் கடைக்காரன், என்ன வேண்டுமென்று.

"வயர்லெஸ் கீபோர்டு தோரிசப்பா" என்றாள் சம்பூர்ணம்.

அவன் மூன்றை எடுத்து வைத்தான். அவர்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டான். "இது ஸ்லிம்மா. எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க."

சம்பூர்ணம் கை வைத்தாள். "கட்டை உள்ளாறவே போவலியே. அடிச்சேனா இல்லியான்னு விரலுக்குத் தெரிய வேணாமா? ஏற்கெனவே மரத்துப் போன விரலு."

இரண்டாவது நடுவில் பிளந்து, முதுகு வளைந்து, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி இருந்தது.

"இதுல உக்காருது பாருடி கை" என்றாள். "மணிக்கட்டு ரெண்டும் நேரா போவுது. நல்லாத்தான் ரோசனை பண்ணி செஞ்சிருக்கான்." மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். "ஆனா அம்மிக்கல்லு கனம். அகலம் வேற. நம்ம பிளாஸ்டிக் சேருக்குள்ள நுழையாது."

மூன்றாவதை எடுத்தாள். நேரானது, முன்பக்கம் தாழ்ந்தது, உள்ளங்கை படிய ஒரு விளிம்பு. ஸ்பேஸ் பாரை நடுவில் தட்டவில்லை. இந்தக் கோடியில் ஒரு தட்டு, அந்தக் கோடியில் ஒரு தட்டு. மட்டமானதில் நடுவில் தட்டினால் இறங்கும், கோடியில் சிக்கிக்கொள்ளும். இது இரண்டு கோடியிலும் ஒரே மாதிரி இறங்கி ஏறியது. ஆள்காட்டி விரல்கள் இரண்டும் பார்க்காமலே தங்கள் கட்டையைக் கண்டுபிடிக்கிற இடத்தில் சின்ன மேடு இருக்கிறதா என்று தடவினாள். இருந்தது. பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள். அவற்றை விரித்தால் பின்புறம் உயர்ந்து மணிக்கட்டு மறுபடி மடங்கும். அவற்றைத் தட்டி மடக்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள்.

கடைக்காரன் சிரித்தான். "அம்மா, அது எதுலயும் கனெக்ட் ஆகலை."

"எனக்குக் கேக்குதுப்பா. நீ கம்முனு இரு."

அரைப் பக்கம் அடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். "இதைக் கட்டு."

"இன்னாம்மா அடிச்ச?" என்றாள் சங்கமித்ரா.

"உங்கப்பன் பேரைத்தான். அம்பது தடவை. கோவம் வந்தா தாங்குதான்னு பார்க்க வேணாமா?"

வீட்டுக்கு வந்து மாட்டினார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ரிசீவர் ஒன்று. அதன் வயர் கம்ப்யூட்டருக்குள் போகும். கீபோர்டுக்குள் இரண்டு பென்சில் பேட்டரி. ரிசீவரிலும் கீபோர்டின் அடியிலும் ஒவ்வொரு பட்டன். இதை அழுத்தி அதையும் அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ளும். அதன்பிறகு ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண் சின்ன ரேடியோ அலையாகக் கிளம்பும். ஆறடி தூரம் போகும். மரத்தைத் தாண்டும், துணியைத் தாண்டும். இரும்பு குறுக்கே நின்றால் மட்டும் தடுமாறும்.

மூன்று நாள் சம்பூர்ணம் ராணி மாதிரி இருந்தாள். ஜன்னலோரம் பிளாஸ்டிக் சேர், காலடியில் பலகை, மடியில் தலையணை, அதன்மேல் கீபோர்டு. முதுகில் மார்கழி வெயில். ராத்திரி கை மரக்கவில்லை.

நாலாம் நாள் குக்கர் விசில் அடித்தது. அவள் எழுந்து போய்விட்டு வந்தாள். மறுபடி விசில். மறுபடி எழுந்தாள். ஆதிகேசவனுக்கு வாக்கியம் அறுந்தது.

"இந்தா சம்பூ, எதுக்கு இந்த அலைச்சல்? அதான் வயர் இல்லியே. எடுத்துக்கினு அங்கியே போயேன்."

"எங்க?"

"அடுப்படிக்கு. நான் இங்கேந்து சொல்றேன், நீ அங்கேந்து அடி. ஸ்க்ரீனை நான் பாத்துக்கறேன். உனக்குத்தான் பாக்கவே வேணாமே!"

அவரே நாற்காலியில் ஏறி, ஷோகேஸை ஒட்டியிருந்த அடுப்படி வாசல் கட்டையில் ஆணி அடித்து ரிசீவரைத் தொங்கவிட்டார். பாத்திர ஸ்டாண்டு இரும்பு என்பதால் அதை எதிர்ச்சுவருக்கு மாற்றினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் செய்த ஒரே அடுப்படி வேலை அதுதான். அதுவும் சரியாக வேலை செய்தது. ஹாலில் சாய்ந்து உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, யாருமே கை வைக்காத திரையில் எழுத்து தானாக ஊர்ந்தது. பார்க்க வந்த சிநேகிதர்களுக்கெல்லாம் வித்தை காட்டினார். கூட வேலை பார்த்த மைக்கேல்ராஜ் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணியையும் வயர்லெஸ் ஆக்கிட்டீங்களா அண்ணே?"

சங்கமித்ராவுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. "கை நோவுதுன்னு வாங்கினு வந்தா அடுப்படிக்குள்ள தள்ளியிருக்கியே நைனா! மொதல்ல ரெண்டு மணி நேரமாச்சும் ஒரே வேலைதான் செஞ்சிக்கினு இருந்தாங்க. இப்ப ரெண்டு வேலை."

"நேரம் மிச்சம் ஆவுது இல்ல?"

"யாருக்கு?"

சம்பூர்ணம் கத்தரிக்கோலை எடுத்தாள். ரவை மூட்டை வந்த பிளாஸ்டிக் உறையை வெட்டிக் கீபோர்டுக்கு மேல் போர்த்திக்கொண்டாள். கட்டைச் சந்தில் மாவு விழாது. எண்ணெய் தெறித்தால் துடைத்துக்கொள்ளலாம். வந்த கோபத்தை அப்படியே மடித்து வைத்தாள்.

தை பிறந்த மறுவாரம் பதினாலாவது அத்தியாயம் வந்தது. அது அவளுடைய அம்மா கன்னியம்மாளைப் பற்றியது. சம்பூர்ணத்துக்கு எட்டு வயதாகும்போது அப்பா சுரங்கத்துக்குள் ஏர்பிளாஸ்ட்டில் போய்விட்டார். பூமிக்குக் கீழே பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்து உதிர்வதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மேலே வீட்டில் பாத்திரங்கள் ஆடும். பாத்திரம் ஆடினால் பெண்கள் ஓடுவார்கள்.

அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஹாலிலிருந்து குரல் வந்தது.

"அடி. 'சூப்பரண்டு துரை வாசலில் வந்து நின்றதும் கன்னியம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து அவர் காலில் விழுந்து, என் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள் எஜமானே என்று கதறினாள்.' அடிச்சியா?"

கட்டைச் சத்தம் கேட்கவில்லை. சம்பூர்ணம் கத்தியோடு வாசலுக்கு வந்தாள்.

"எங்கம்மா யார் கால்லயும் வுழல."

"கதைக்குத்தான் சொல்றேன்."

"கதையா? பேரு கன்னியம்மான்னு போட்டிருக்கீங்க. எங்க லைனு, எங்க வீட்டு நம்பரு, எல்லாம் போட்டிருக்கீங்க. கால்ல வுழுந்தது மட்டும் கதையா?"

"படிக்கிறவனுக்குக் கண்ணுல தண்ணி வரணும் சம்பூ. புருஷனை வாரிக் குடுத்தவ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தான்னு எழுதினா எவன் நம்புவான்?"

"நான் அங்க நின்னுக்கினு இருந்தேன். நீங்க எங்க இருந்தீங்க? சாம்பியன் ரீப்ல கோலி ஆடிக்கினு இருந்திருப்பீங்க." கத்தி நுனியால் அவள் அந்தத் திரையைக் காட்டினாள். "துரை எதுக்கு வந்தான் தெரியுமா? டோக்கனைக் கேக்க வந்தான்."

டோக்கன் என்பது பித்தளை வட்டு. ஒரு ஆளுக்கு ஒரே எண் போட்டு இரண்டு இருக்கும். கீழே இறங்குகிறவன் இடுப்பில் ஒன்று, தலைவிளக்கு கொடுக்கிற விளக்கு ரூம் பலகையில் ஒன்று. ஏறி வந்ததும் இடுப்பில் இருப்பதைக் கொடுப்பான். இரண்டும் ஆணியில் ஜோடி சேரும். ஷிப்டு முடிந்து பலகையில் ஏதாவது ஒரு எண் தனியாகத் தொங்கினால், யார் கீழே மாட்டிக்கொண்டார் என்று அந்த நிமிஷமே தெரியும். எளிமையான ஏற்பாடு, ஆனால் தப்பாது. சம்பூர்ணத்தின் அப்பாவுடைய எண் 2316. அவர் இடுப்பில் இருந்தது உடம்போடு வீட்டுக்கு வந்துவிட்டது. பலகையில் ஜோடி சேர்த்தால்தான் அந்த எண்ணை அடுத்தவனுக்குக் கொடுக்க முடியும்.

"அம்மா எழுந்திருக்கவே இல்ல. ஆளைக் குடுத்துட்டு டோக்கனை வாங்கினு போன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. தொரை நின்னு பாத்துட்டுப் போயிட்டான். சாவுற வரைக்கும் முந்தியில முடிஞ்சி வெச்சிருந்தாங்க. எங்களுக்குச் சோறு போடக் குனிஞ்சா தட்டுல டங்குனு இடிக்கும். நாலு வீட்டுக்குக் கேக்கும், கன்னியம்மா வூட்டுல சோறு போட்டாச்சுன்னு. இதை எழுதுங்க."

"இது ரொம்பத் திமிரா இருக்குது. ஏழைப் பொம்பளை மேல எரக்கம் வராது."

"உங்க எரக்கம் எவளுக்கு வேணும்?"

"இந்தா, எழுதறது நானா நீயா? நான் சொன்னதை அடிச்சா போதும்."

அவள் உள்ளே போனாள். அன்று ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. மூன்று நாள் கை நோவுது என்றாள். அது பொய்யும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மைக்கேல்ராஜ் வந்தார். மத்தியானம் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் போகிறார். சி.டி.யில் போட்டுக் கொடுத்தால் பிரஸ்ஸில் சேர்த்துவிடுவார். இந்த மாதம் தவறினால் புத்தகம் வர ஆறு மாதம் ஆகும் என்று பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். மீதி இருந்தது பதினாலாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் மட்டும்.

அடுப்படியில் அவரைக்காய்ப் பருவத்து வாசனை. ராத்திரியே ஊறப்போட்ட அவரைக்கொட்டையைச் சம்பூர்ணம் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கினால் பச்சைப் பருப்பு தோலைவிட்டுத் துள்ளி வெளியே விழும். இரண்டு படி. நல்ல கையும் அதில் மரத்துப் போகும். சங்கமித்ரா பக்கத்தில் உட்கார்ந்து பிதுக்கினாள்.

"சம்பூ, ரெடியா?" ஹாலிலிருந்து உரத்த குரல். சிநேகிதருக்கும் கேட்கட்டும் என்று கூடுதலாக உரத்தது. "ராஜு, இந்தாப்பா, ஸ்க்ரீனையே பாரு. வேடிக்கையைப் பாரு."

சம்பூர்ணம் கையைக் கழுவித் துடைத்தாள். தரையில் மணை போட்டு உட்கார்ந்து மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரல்கள் மேட்டைத் தேடிக்கொண்டன.

"வேணாம்னா வுட்டுடும்மா" என்றாள் சங்கமித்ரா மெதுவாக.

"நீ பருப்பைப் பாருடி."

ஆதிகேசவன் தொண்டையைச் செருமினார். "'கன்னியம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து துரையின் காலில் விழுந்தாள்.'"

திரையில் எழுத்து ஊர்ந்தது. மைக்கேல்ராஜ் ஆசையாக முன்னால் குனிந்து வாய்விட்டுப் படித்தார். "'கன்னியம்மாள்... காலில்... விழவில்லை.'" நிமிர்ந்தார். "அண்ணே, நீங்க வுழுந்தான்னு இல்ல சொன்னீங்க?"

"சம்பூ! தப்பா அடிச்சிருக்க பாரு. விழுந்தாள்!"

திரையில் அடுத்த வரி வந்தது. மைக்கேல்ராஜ் வாய் நிற்கவில்லை. "'உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை. பக்கத்தில் எட்டு வயதுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள். நீலசந்திராவில் பருப்புப் பிதுக்கிக்கொண்டிருக்கிறாள்.'"

"ஏய்! இன்னா அடிக்கிற அங்க?"

அடுப்படியிலிருந்து பதில் வரவில்லை. பதில் திரையில் வந்தது.

"'கத்தாதீர்கள். நீங்கள் சொல்லி நான் அடித்தது அறுநூறு பக்கம். இந்த ஒரு பக்கம் நான் சொல்லி நானே அடிக்கிறேன்.'" மைக்கேல்ராஜுக்குக் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் படித்தார். படிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆதிகேசவன் எழுந்தார். கையை நீட்டினார். எதை அழுத்துவது? பழைய கீபோர்டை என்றைக்கோ பரண்மேல் போட்டாயிற்று. ஷோகேஸில் இருந்தது திரையும் மவுஸும்தான். நேரே அடுப்படிக்குப் போயிருக்கலாம்; சிநேகிதர் எதிரில் போய்ப் பெண்டாட்டி மடியிலிருந்து பிடுங்க வேண்டும். வாசல் கட்டையில் ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சங்கமித்ரா வந்து நின்றாள், கை முழுக்க அவரைத் தோலோடு.

"தள்ளு மித்ரா."

"தள்ளமாட்டேன் நைனா."

அவர் திரும்பி வந்து திரையின் பட்டனை ஓங்கி அழுத்தினார். கண்ணாடி கறுத்தது.

"ஆச்சு!" என்றார். "இப்ப அடி பாக்கலாம்."

அந்தப் பட்டன் அணைப்பது கண்ணாடியை மட்டும். கம்ப்யூட்டருக்கு அது தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருக்கும். பார்க்காமல் அடிக்கிறவளுக்கோ திரை எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன? கட்டைச் சத்தம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வேகம் கூடியது. ரவை உறை சலசலக்க, டடடடவென்று ஹால் முழுக்கக் கேட்டது. ஸ்பேஸ் பாரின் கனத்த தட்டு ஒன்று, மறுபடி மழை, பத்தி முடிந்தால் சுண்டுவிரல் ஓங்கித் தட்டுகிற சத்தம். ஆண்கள் இருவரும் கறுத்த கண்ணாடிக்கு எதிரிலும் சங்கமித்ரா அடுப்படி வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆதிகேசவனின் முகம் அந்தக் கண்ணாடியில் தெரிந்தது.

"அண்ணே, உக்காருங்க" என்றார் மைக்கேல்ராஜ்.

"நீ சும்மா இருப்பா."

கால் மணி நேரம் ஆகியிருக்கும். சத்தம் நின்றது. பிறகு ஒரு கையால் ஒன்றை அழுத்திப் பிடித்து இன்னொன்றைத் தட்டுகிற சத்தம். எழுதியதைச் சேமித்து வைக்கிற தட்டு அது.

சம்பூர்ணம் வாசலுக்கு வந்தாள். இடக்கையில் கீபோர்டு கவிழ்ந்திருந்தது. வலக்கைக் கட்டைவிரலால் அடிமூடியை நகர்த்தினாள். இரண்டு பேட்டரிகளும் உள்ளங்கையில் விழுந்தன. முந்தானை நுனியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். வெறும் கீபோர்டை ஷோகேஸ்மேல் வைத்தாள்.

"மித்ரா, ஸ்க்ரீனைப் போடு. மாமா ரயிலுக்குப் போவணும்."

கண்ணாடி வெளுத்தது. மைக்கேல்ராஜ் சத்தமில்லாமல் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. டோக்கன் வந்தது, எண் வந்தது. பலகையில் ஜோடியில்லாமல் தொங்கிய இன்னொரு வட்டு வந்தது. அந்த ஆணியைப் பார்க்கவே கன்னியம்மாள் மாதம் ஒருமுறை விளக்கு ரூம் ஜன்னலுக்குப் போய் நின்றாள் என்பது வந்தது. ஆதிகேசவனுக்கு இது தெரியாது. முப்பது வருஷத்தில் அவர் கேட்டதில்லை. கடைசி வரிக்கு வந்ததும் மைக்கேல்ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய அப்பாவும் அதே சுரங்கத்தில்தான் இறங்கினார்.

"அண்ணே, இதையே எடுத்துக்கினு போவட்டா?"

ஆதிகேசவன் மவுஸைப் பிடித்தார். பத்தியின் தொடக்கத்தில் அம்பை வைத்து அழுத்தி, கீழே இழுத்தார். அவள் எழுதிய பக்கம் முழுக்கக் கறுப்பு பூசிக்கொண்டது. வலப்பக்கத்தைச் சொடுக்கினார். சின்னப் பட்டியல் விரிந்தது. முதல் வரியிலேயே வெட்டுகிற கத்தரி இருந்தது.

"வெட்டுங்க" என்றாள் சம்பூர்ணம். "அந்த எலிக்கு வெட்டத் தெரியும். வெட்டிட்டு அந்த எடத்துல இன்னா போடுவீங்க? கால்ல வுழுந்தான்னு போட எழுத்து வேணும். எழுத்து எங்கிட்ட இருக்குது."

"பேட்டரி கடையில விக்குது."

"வாங்கினு வாங்க. பேட்டரி வந்தா விரலும் கூட வருமா? புள்ளி மொதல்லயா எழுத்து மொதல்லயா, சொல்லுங்க பாக்கலாம்."

மைக்கேல்ராஜ் சிரிப்பை இருமலாக்கினார். ஆதிகேசவன் கை மவுஸிலேயே இருந்தது. கத்தரிப் படம் அம்புக்குக் கீழே மின்னிக்கொண்டிருந்தது.

"என் பேர்ல வர்ற புஸ்தகம் இது."

"வரட்டும். உங்க பேருதான் போட்டுக்குங்க. உங்க பேர்ல நெசம் ஒண்ணு வரட்டும்." அவள் குரல் உயரவில்லை. "ஆனா இத்தோட சரி. நாளையிலேந்து நான் அடுப்படியில அடிக்கமாட்டேன். ஜன்னலோரம், சேர்ல, மடியில. எனக்குத் தோணும்போது, எனக்குத் தோணினதை. உங்களுக்கு அடிக்கணும்னா இன்ஸ்டிட்யூட்டுல சேருங்க. மொத மாசம் விரல் மேல அட்டையை வெச்சு மூடுவாங்க, ஒண்ணும் தெரியாது. அப்பறம் பழகிடும்."

"அறுபத்தோரு வயசுல?"

"அம்பத்திநாலு வயசுல நான் அடுப்படியில ஒக்காந்து பருப்பும் பிதுக்கி புஸ்தகமும் அடிக்கல?"

கீழே தெருவில் ஒரு ஆட்டோக்காரன் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டு போனான். ஆதிகேசவன் பட்டியலுக்கு வெளியே ஒருமுறை சொடுக்கினார். கத்தரி மறைந்தது. இன்னொருமுறை சொடுக்கினார். கறுப்பு விலகி எழுத்துகள் வெளியே வந்தன. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். சங்கமித்ரா சி.டி.யை உள்ளே தள்ளினாள். நகலெடுக்கக் கீபோர்டு வேண்டாம், மவுஸே போதும்.

பன்னிரண்டரைக்கு இலை போடவில்லை, தட்டு வைத்தாள். ராகிக் களி உருண்டை, பிதுக்கிய பருப்புக் குழம்பு. மைக்கேல்ராஜ் ரயிலுக்கு நேரமாகிறது என்று அவசரமாகக் கையை நனைத்தார். சி.டி. அவர் சட்டைப் பையில் இருந்தது.

"நைனா, வா" என்றாள் சங்கமித்ரா.

"பசிக்கல."

இரண்டாம் தடவை யாரும் கூப்பிடவில்லை. குழம்பு வாசனை ஹாலைச் சுற்றி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

சம்பூர்ணம் களியை வைத்தாள். குழம்புக் கரண்டியோடு குனிந்தாள். இடுப்பிலிருந்து நழுவிய முந்தானை முடிச்சு எவர்சில்வர் தட்டின் விளிம்பில் இடித்தது.

டங்கென்றது. அவள் அதை எடுத்துச் செருகவில்லை. அடுத்த கரண்டிக்கும் அப்படியே குனிந்தாள்.